பலர் சேர்ந்து தொட்டு வாசிக்கும் மின்னணு இசைக்கருவியை வடிவமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தந்திக் கருவியில் விரல் படும் இடத்திலேயே ஒலி பிறக்கிறது. தந்தியை எவ்வளவு இழுத்தோம் என்பது விரலுக்குத் தெரியும். பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்குக் கண்ணாலேயே தெரியும். மின்னணுக் கருவியில் இந்த உறவு அறுந்துவிடுகிறது. விரல் ஒரு பலகையை அழுத்துகிறது, ஒலியோ எங்கோ இருக்கும் ஒலிபெருக்கியில் எழுகிறது, இரண்டுக்கும் நடுவே என்ன நடக்க வேண்டும் என்பதை முழுக்க முழுக்க வடிவமைப்பவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒருவர் மட்டும் வாசிக்கும் கருவியானால் இந்த இடைவெளியைப் பயிற்சியால் ஓரளவு கடந்துவிடலாம். மூவர் ஒரே கருவியில் கை வைத்து, இப்போது கேட்டது யாருடைய ஒலி என்று மூவருக்குமே தெரியாமல் போனால், சேர்ந்து வாசிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூவர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து வாசிக்கும் கருவி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த வழிகாட்டி செல்கிறது. ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு அழுத்தத் தட்டுகளும் ஒரு திருகு குமிழும் இருக்கும். நடுவில், மூவரின் கைக்கும் எட்டும்படி, எந்தப் பக்கம் அழுத்தினாலும் அந்தப் பக்கம் சற்றே அமிழும் வட்டப் பலகை ஒன்று இருக்கும். பொதுவாக இருக்க வேண்டியதைக் கைக்கு அகப்படும் பொருளாக்குவது, தனித்தனியாக இருக்க வேண்டியதைக் காதுக்குப் பிரித்துக் கொடுப்பது ஆகிய இரண்டையும் நான் இத்தகைய வேலையில் விட்டுக்கொடுப்பதில்லை. கீழே வரும் முடிவுகளில் பெரும்பாலானவை இவற்றிலிருந்து வந்தவையே.

படி 1: பங்கீட்டை முதலில் எழுதுங்கள்

உணரி (சென்சார்) வாங்குவதற்கு முன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். வாசிப்பவர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: ஒலியை இவரால் தொடங்க முடியுமா, ஓடிக்கொண்டிருக்கும் ஒலியை மாற்ற முடியுமா, நிறுத்த முடியுமா? மூன்றும் ஒருவரிடமே குவிந்திருந்தால் மற்றவர்கள் உதவியாளர்கள் ஆகிவிடுவார்கள். தொடங்கும் உரிமை இல்லாதவர் விரைவில் சலித்துப்போவார். நிறுத்தும் உரிமை யாருக்குமே இல்லாவிட்டால் கருவி ஓயாமல் இரையும்.

பங்கீட்டை எவ்வளவு இறுக்கமாகச் செய்யலாம் என்பதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1951-ல் 12 வானொலிப் பெட்டிகளை 24 பேர் இயக்கும் படைப்பு ஒன்றை எழுதினார். ஒரு பெட்டிக்கு இருவர், அவர்களில் ஒருவர் அலைவரிசையைத் திருப்ப, மற்றவர் ஒலியளவையும் ஒலிநிறத்தையும் கவனிப்பார். ஒருவர் நல்ல நிலையத்தைப் பிடித்தாலும் மற்றவர் ஒலியளவைக் குறைத்திருந்தால் ஒன்றும் கேட்காது. 2002-ல் சிட்னி ஃபெல்ஸும் ஃபுளோரியன் வோக்ட்டும் அறிமுகப்படுத்திய டூக்கா என்ற கருவி இதைவிடவும் நெருக்கமானது. ஒரே குழாயின் இரு முனைகளிலும் இருவர் வாய் வைத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றழுத்தத்தை இருவருமாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். அதைத் தனியாக வாசிப்பதில் பொருளில்லை. பார்சிலோனாவின் பாம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் செர்ஜி ஜோர்டாவின் குழு 2003-ல் தொடங்கிய ரியாக்டேபிள் இன்னொரு வழியைக் காட்டியது. அது வட்ட மேசை. அதற்குத் தலைப்பக்கம் கிடையாது. ஒலியை உருவாக்கவும் மாற்றவும் மேலே வைக்கும் கட்டைகளை யாரும் எடுக்கலாம், நகர்த்தலாம், பிறருடைய கட்டையோடு இணைக்கலாம்.

நம் மேசையில் தட்டுகளும் குமிழும் தனியுரிமை. அவற்றைப் பிறர் தொடத் தேவையில்லை. நடுப்பலகை பொதுவுரிமை. கட்டத்தில் இதை எழுதிவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு சந்தேகத்தையும் அந்தத் தாளிடமே கேட்கலாம்.

படி 2: திரையா, பொருளா?

என் முதல் முயற்சியில் ஒரு பெரிய தொடுதிரையை மூவருக்கும் நடுவில் வைத்தேன். கட்டுவது எளிதாக இருந்தது, மாற்றுவது அதைவிட எளிதாக இருந்தது. வாசித்தவர்களோ, மூவருமே, குனிந்து தத்தம் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் விளிம்பு இல்லாததால் விரல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணை அங்கே கொடுத்துவிட்ட பிறகு எதிரில் இருப்பவரைப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை.

கைக்கு அகப்படும் பொருளின் ஆதாயம் இங்கேதான் இருக்கிறது. ஆய்வாளர்களான ஹிரோஷி இஷியும் பிரிக் உல்மரும் 1997-ல் எண்ணிமத் தகவலுக்குப் பொருள் வடிவம் தர வேண்டும் என்று வாதிட்டபோது இசை மட்டும் அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. ஆனாலும் இசைக்கு அது மிகவும் பொருந்துகிறது. குமிழின் மேட்டைக் கட்டைவிரல் தடவியே அறியும், பலகை சாய்ந்திருப்பதை எதிரில் இருப்பவர் ஓரக்கண்ணால் காண்பார், ஒரு கட்டையை ஒருவர் கையில் எடுத்துவிட்டால் மற்றவர் அதை எடுக்க முடியாது என்பதும் சொல்லாமலே விளங்கும்.

அளவுகளில் தாராளம் வேண்டாம். மேசையின் விட்டம் 90 சென்டிமீட்டருக்கு மேல் போனால் நடுப்பலகையைத் தொட உடம்பை முன்னே சாய்க்க வேண்டிவரும். பலகைக்கு 30 சென்டிமீட்டர் போதும். மூன்று கைகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் அளவுக்கு அது சிறியதுதான், அப்படி இடித்துக்கொள்வது விரும்பத்தக்கதும்கூட.

படி 3: உணரிகளும் மின்தடையும்

அழுத்தத் தட்டுக்கு மலிவான, மெல்லிய, எளிதில் ஒட்டக்கூடிய அழுத்த உணரியே போதும். அழுத்தாத நிலையில் அதன் மின்தடை மெகாஓம் அளவில் இருக்கும். பலமாக அழுத்தும்போது ஒரு கிலோஓம் அளவுக்கு இறங்கும். இதை ஒரு நிலையான மின்தடையோடு தொடராக இணைத்து, நடுவில் கிடைக்கும் மின்னழுத்தத்தை மைக்ரோகண்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லு படிக்கிறது. அந்த நிலையான மின்தடையின் மதிப்பை மாதிரிச் சுற்றில் இருந்தபடியே எடுத்துக்கொள்வதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

பெரும்பாலான மாதிரிச் சுற்றுகள் 10 கிலோஓம் போடச் சொல்கின்றன. கணக்கைப் பாருங்கள்: நிலையான மின்தடை தரை இணைப்பின் பக்கம் இருக்கும்போது, உணரி 10 கிலோஓமில் இருந்தால் அளவீடு முழு அளவில் 50 சதவீதம், 2 கிலோஓமில் 83 சதவீதம், 1 கிலோஓமில் 91 சதவீதம். அதாவது லேசான தொடுதலிலேயே பாதிக்கு மேல் செலவாகிவிடுகிறது. பலமாக அழுத்துவதற்கும் மிகப் பலமாக அழுத்துவதற்கும் இடையே 8 சதவீதமே மிஞ்சுகிறது. வாசிப்பவர் எவ்வளவு பாடுபட்டாலும் ஒலி முன்பே உச்சத்தில் நின்றுவிடும். அதே இடத்தில் 3.3 கிலோஓம் போட்டால் இவை முறையே 25, 62, 77 சதவீதம் ஆகின்றன. மேல்பகுதி இப்போது கைக்குள் வருகிறது. மென்மையாகத் தடவும் இசைக்கு 10 கிலோஓமும், அடித்து வாசிக்கும் இசைக்கு 3.3 கிலோஓமும் என்று நான் வைத்துக்கொள்வதுண்டு. ஒரே மாதிரியான இரண்டு உணரிகள் ஒரே எடைக்கு ஒரே எண்ணைத் தருவது அபூர்வம் என்பதால், ஒவ்வொன்றின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் தனித்தனியாக அளந்து நிரலில் பதியுங்கள்.

நடுப்பலகையின் அடியில் 120 பாகை இடைவெளியில் மூன்று ரப்பர் கால்கள், ஒவ்வொரு காலின் அடியிலும் ஓர் அழுத்த உணரி. மூன்றின் கூட்டுத்தொகை மொத்த அழுத்தத்தைச் சொல்லும். மூன்றுக்கும் இடையே உள்ள விகிதம் சாய்வின் திசையைச் சொல்லும். எடை அளக்கும் லோட் செல்லைப் பயன்படுத்தினால் துல்லியம் கூடும் என்பது உண்மை. ஆனால் அதனோடு வழக்கமாகச் சேர்த்து விற்கப்படும் எச்எக்ஸ்711 சில்லு விநாடிக்கு 10 அல்லது 80 முறை மட்டுமே அளவிடும். மெதுவாக மாறும் ஒலிநிறத்துக்கு 80 போதும். அடிக்கும் தட்டுக்கு அது உதவாது. கேமராவைக் கொண்டு கட்டைகளைக் கண்டறியும் முறைக்கும் இதே வரம்பு உண்டு. விநாடிக்கு 60 படம் என்றாலும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 17 மில்லிவிநாடி கழிந்துவிடுகிறது.

படி 4: பக்கத்துத் தட்டின் அதிர்வு

மூன்று இருக்கைகளையும் ஒரே பலகையில் பொருத்திய என் இரண்டாவது வடிவத்தில், ஒருவர் ஓங்கி அடித்தால் அடுத்தவரின் ஒலியும் சேர்ந்து எழுந்தது. அடி வாங்காத தட்டு மரத்தின் வழியே வந்த அதிர்வை அடியாக எடுத்துக்கொண்டது. அந்த இரண்டாமவரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. கையை மடியில் வைத்துக்கொண்டு, தான் எதுவும் செய்யவில்லை என்று மெய்ப்பிப்பவர்போல் அமர்ந்திருந்தார்.

இதற்கு மருந்து முதலில் தச்சுவேலையில், பிறகுதான் நிரலில். ஒவ்வொரு தட்டையும் தனித்துண்டாக வெட்டி, அடியில் ஒரு சென்டிமீட்டர் நுரைப்பஞ்சு வைத்து, மேசையோடு திருகாணி எங்கும் தொடாதபடி பொருத்துங்கள். ஒரே ஒரு திருகாணி தொட்டாலும் அதிர்வு அதன் வழியே போய்விடும். அதற்குப் பிறகும் மிஞ்சுவதை நிரல் பார்த்துக்கொள்ளும்: 3 மில்லிவிநாடிக்குள் இரண்டு தட்டுகளில் அடி பதிவாகி, ஒன்றின் வலு மற்றதில் கால்பங்கைவிடக் குறைவாக இருந்தால் சிறியதைப் புறக்கணிக்கலாம். இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல் உங்கள் மரத்தில் அளந்து பாருங்கள்.

படி 5: தாமதத்துக்கு ஒரு வரவுசெலவுக் கணக்கு

கணினி இசை ஆய்வாளர்களான டேவிட் வெஸ்ஸலும் மேத்யூ ரைட்டும் 2002-ல் முன்வைத்த அளவுகோல் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: கை அசைவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே 10 மில்லிவிநாடிக்கு மேல் போகக் கூடாது, அந்தத் தாமதத்தின் ஏற்ற இறக்கம் 1 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும். காற்றில் ஒலி 10 மில்லிவிநாடியில் ஏறத்தாழ 3.4 மீட்டர் செல்கிறது என்பதால், அவ்வளவு தொலைவில் நின்று வாசிக்கும் ஒருவரோடு இசைந்துபோவதற்கு நம் காது பழகியே இருக்கிறது. சீரான தாமதத்தைக் கை கற்றுக்கொள்ளும். ஒருமுறை 4, மறுமுறை 14 என்று தள்ளாடும் தாமதத்தோடு எந்தக் கையாலும் பழக முடியாது.

கணக்கு இப்படி வரும். உணரியை விநாடிக்கு 1000 முறை படித்தால் 1 மில்லிவிநாடி. அடியின் வலுவை அறிய, எல்லையைத் தாண்டிய பின் உச்சம் வரும்வரை காத்திருக்க 2 மில்லிவிநாடி. யூஎஸ்பி வழியே கணினிக்குப் போக 1 மில்லிவிநாடி. ஒலியைச் சிறு தொகுதிகளாகச் சேர்த்துவைக்கும் ஒலித் தாங்ககத்தில் (buffer) 48 கிலோஹெர்ட்சில் 64 மாதிரிகள் என்றால் 1.3 மில்லிவிநாடி, தாங்ககங்கள் பெரும்பாலும் இரண்டாக இயங்குவதால் அதை இரட்டிப்பாகவே எண்ணுங்கள். எண்களை மின்னலையாக்கும் ஒலி மாற்றிக்கு இன்னும் ஒன்றிரண்டு. கூட்டினால் 10-க்குள் அடங்கிவிடும், புளூடூத் ஒலிபெருக்கியை இணைக்காத வரை. அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிவிநாடியைத் தாண்டும். இதைவிடவும் குறைவான தாமதம் வேண்டுவோர், கணினியை விட்டுவிட்டு, உணரியையும் ஒலியையும் ஒரே பலகையில் நடத்தும் பேலா போன்றவற்றுக்குப் போகலாம்.

கணக்கை நம்பி விட்டுவிடாமல் அளந்து பாருங்கள். தட்டின் அருகே ஒரு ஒலிவாங்கி, கருவியின் வெளியீட்டிலிருந்து ஒரு கம்பி, இரண்டையும் ஒரே பதிவின் இரண்டு தடங்களில் இணைத்து ஐம்பது முறை அடியுங்கள். விரல் படும் சத்தத்துக்கும் கருவியின் ஒலிக்கும் உள்ள இடைவெளி அலைவடிவத்தில் கண்ணுக்கே தெரியும். சராசரியோடு, மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் உள்ள வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்தி அனுப்பும் மொழியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மின்னணு இசைக்கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள 1983-ல் வந்த மிடி நெறிமுறையில் கட்டுப்பாட்டு மதிப்புகள் 128 படிகளே என்பதால், ஒலியின் பிரகாசத்தைக் கட்டுப்படுத்தும் வடிகட்டியை மெதுவாகத் திறக்கும்போது படிக்கட்டு இறங்குவதுபோல் கேட்கும். அடிகளுக்கு மிடி தாராளமாகப் போதும். நடுப்பலகையின் தொடர் மதிப்புகளுக்கு, இன்னும் நுண்ணிய மதிப்புகளை அனுப்பும் ஓஎஸ்சி நெறிமுறையோ 14 பிட் மிடியோ நல்லது.

படி 6: கையை ஒலியோடு கோத்தல்

எந்தச் சைகை எந்த ஒலியை மாற்றும் என்ற இந்த இணைப்புதான் கருவியின் உயிர். ஒரு குமிழுக்கு ஒரு மதிப்பு என்று நேருக்கு நேராகக் கோத்தால் விளக்குவது எளிது, வாசிப்பது சலிப்பு. ஆண்டி ஹன்ட், மார்செலோ வாண்டர்லி, மேத்யூ பாராடிஸ் ஆகிய மூவரும் 2002-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு நல்ல விளக்கம் கிடைக்கிறது: நகர்த்து குமிழை ஓரிடத்தில் வைத்துவிட்டால் ஒலி நீடிக்கும் என்ற ஏற்பாட்டைவிட, வில்லை இழுப்பதுபோல் அசைத்துக்கொண்டே இருந்தால்தான் ஒலிக்கும் என்ற ஏற்பாடு மக்களை அதிக நேரம் ஈர்த்தது.

ஆகவே தட்டின் அழுத்தம் ஒலியளவை மட்டும் மாற்றக் கூடாது. அழுத்தம் கூடக்கூட ஒலி பெருகட்டும், பிரகாசமாகட்டும், சுருதி ஒரு மயிரிழை மேலே ஏறட்டும். இயற்கையில் பலமாக அடித்த பல பொருள்களும் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொள்கின்றன என்பதால் யாரும் கற்றுத்தராமலே இது புரிந்துவிடும். கை எடுத்தால் ஒலி அடங்க வேண்டும். ஓயாமல் ஒலிக்கும் பின்னணியை நிரலில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை வைத்த கணமே மௌனத்தை உருவாக்கும் உரிமை வாசிப்பவரிடமிருந்து போய்விடும்.

அமைப்புகளை மாற்றிக்கொள்ளும் வசதியைக் கூடியவரை தவிருங்கள். கணினி இசை ஆய்வாளர் பெரி குக் 2001-லேயே அந்த வசதியை ஒரு சாபம் என்று வருணித்துவிட்டார். மூவர் கருவியில் அது மும்மடங்கு சாபம், ஏனென்றால் ஒருவர் அமைப்பை மாற்றிக்கொண்டிருக்கும்போது மற்ற இருவர் காத்திருக்க வேண்டும்.

படி 7: ஒரே கட்டுப்பாட்டுக்கு மூன்று கைகள்

இருவர் ஒரே மதிப்பை மாற்ற விரும்பினால் யார் சொல் செல்லும்? நிரலில் எழுதுவதானால் நான்கு வழிகள் உண்டு, நான்கிலும் குறை உண்டு. கடைசியாகத் தொட்டவர் வெல்வார் என்றால் ஒலி குதிக்கும். சராசரி எடுத்தால், தன் கை மட்டும் மரத்துப்போனதாக ஒவ்வொருவரும் உணர்வார்கள். முறை வைத்தால் இசை வகுப்பறை ஆகிவிடும். கூட்டினால் பரவாயில்லை, ஆனால் விரைவில் உச்சத்தில் முட்டும்.

நடுப்பலகை இந்தச் சச்சரவை நிரலுக்கு வரும் முன்பே தீர்த்துவிடுகிறது. ஒருவர் தன் பக்கம் அழுத்துகிறார், எதிரில் இருப்பவர் தன் பக்கம் அழுத்துகிறார். பலகை சற்று நடுங்கி ஓரிடத்தில் நிற்கிறது. அந்த நிலைக்கு வரும் வழியில் இருவரின் உள்ளங்கைக்கும் மற்றவரின் பலம் தெரிந்துவிட்டது. கணினிக்குக் கிடைப்பது முடிவு மட்டும். என் கருவியில் சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தவரின் ஒலிநிறம் மற்ற இருவரின் ஒலியிலும் கலக்கும். மொத்த அழுத்தம் எதிரொலியின் நீளத்தைக் கூட்டும். மூவரும் ஒரே நேரத்தில் சமமாக அழுத்தினால் பலகை நேராகவே அமிழ்ந்து, சாய்வு ஏதுமின்றி எதிரொலி மட்டும் பெருகும். தன் பக்கத்தை மட்டும் அழுத்தி அந்த நிலையை யாராலும் தனியாக எட்ட முடியாது என்பதை நானாக யோசித்து அமைத்தேன் என்று சொல்ல முடியாது. மூன்று கால்களின் கணக்கிலிருந்து அது தானாக வந்தது.

அளவீட்டில் சிறு நடுக்கம் இருக்கும். அதைத் தணிக்கக் கனமான வடிகட்டி போட்டால் பலகை சோம்பேறி ஆகிவிடும். அசைவு மெதுவாக இருக்கும்போது அதிகமாகவும் வேகமாக இருக்கும்போது குறைவாகவும் தணிக்கும் தகவமைப்பு வடிகட்டி ஒன்றை 2012-ல் ஜெரி காசியேயும் அவர் குழுவினரும் வெளியிட்டார்கள்; ஒன் யூரோ வடிகட்டி என்ற பெயரில் அது கிடைக்கிறது. சில வரி நிரல்தான்.

படி 8: எது யாருடைய ஒலி?

மூவருடைய ஒலியையும் அறையின் மூலையில் உள்ள இரண்டு ஒலிபெருக்கிகளில் கலந்து விடாதீர்கள். ஒவ்வொரு இருக்கைக்கும் முன்னால் ஒரு சிறிய ஒலிபெருக்கியை மேசைக்குள்ளேயே பதியுங்கள். தன் ஒலி தன் கைக்கருகிலிருந்து வருவதைக் காது உடனே பிடித்துக்கொள்ளும். மரத்தின் அதிர்வை முழங்கையும் உணரும். இடத்தால் பிரிக்க முடியாத நிலையில் ஸ்தாயியால் பிரிக்கலாம்: ஒருவர் கீழ், ஒருவர் நடு, ஒருவர் மேல். மூவருக்கும் ஒரே ஸ்தாயி வேண்டுமென்றால் ஒலியின் தொடக்கத்திலாவது வேறுபாடு இருக்கட்டும். ஒன்று தெறிப்பதாகவும் ஒன்று மெல்ல எழுவதாகவும் இருந்தால் காது குழம்பாது.

வண்ண விளக்குகளால் இதைக் காட்ட முயலலாம். ஆனால் விளக்கு வந்ததும் கண்கள் மறுபடியும் குனிந்துவிடுகின்றன.

படி 9: தாளத்தைத் திருத்தலாமா?

அடிகளை நிரலே தாளத்துக்குள் தள்ளி வைத்தால் புதியவர்களின் வாசிப்பும் ஒழுங்காகக் கேட்கும். ஆனால் கை ஒரு கணத்தில் அடிக்க, ஒலி வேறொரு கணத்தில் வரும். 5-ஆம் படியில் பாடுபட்டுச் சேமித்த மில்லிவிநாடிகள் எல்லாம் வீண். அடிகளை அப்படியே விட்டுவிட்டு, பதிவாகிச் சுழலும் துணுக்குகளை மட்டும் தாளத்தில் நிறுத்துவது நல்ல சமரசம். தனித்தனிக் கணினிகளை ஒரே காலப்பிரமாணத்தில் ஓட்ட வேண்டுமானால், 2016-ல் வந்த ஏபிள்டன் லிங்க் உள்ளூர் வலையமைப்பில் அதைச் செய்துதரும்.

படி 10: சோதனை

கருவியைப் பற்றி எதுவும் சொல்லாமல் மூவரை உட்கார வைத்து, முதல் இரண்டு நிமிடங்களைக் காணொளியாகப் பதியுங்கள். அவர்கள் கைகளைவிடக் கண்களைக் கவனியுங்கள்: எத்தனை முறை ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தார்கள் என்று எண்ணுங்கள்.

பிறகு, வாசிப்பு சூடுபிடித்த நேரத்தில், ஒருவரின் ஒலியை மட்டும் யாருக்கும் சொல்லாமல் அணைத்துவிடுங்கள். தன் ஒலி நின்றதை அவர் எத்தனை விநாடியில் உணர்கிறார், மற்ற இருவர் எத்தனை விநாடியில் உணர்கிறார்கள் என்று குறியுங்கள். அவரே பத்து விநாடி கழித்துத்தான் உணர்ந்தால் 8-ஆம் படிக்குத் திரும்புங்கள். அவர் உடனே உணர்ந்து, மற்றவர்கள் உணரவே இல்லையென்றால் கோளாறு பங்கீட்டில். 1-ஆம் படியின் தாளை எடுங்கள். இந்தச் சோதனையை முதலில் செய்தபோது என் கருவியில் ஒருவர் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஒலியே இல்லாமல் மகிழ்ச்சியாக வாசித்தார்.

எண்கள் நிலைபெற்றதும் நிரலை மேலும் திருத்தாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உணரியின் கீழ், மேல் எல்லைகளையும், போட்ட மின்தடைகளின் மதிப்புகளையும் ஒரு அட்டையில் எழுதி மேசையின் அடிப்பக்கத்தில் ஒட்டிவைத்து, அருகிலேயே இரண்டு உதிரி உணரிகளையும் ஒரு சுருள் கம்பியையும் வையுங்கள். அழுத்த உணரியில் முதலில் பழுதாவது பெரும்பாலும் கம்பி இணையும் அதன் வால் மடங்கும் இடமே. மாற்றும்போது புதியதன் எல்லைகளை அளந்து அட்டையில் பழைய எண்ணை அடித்துவிட்டு எழுதுங்கள்.